‘தேங்க் யூ, கம் அகெய்ன்!’: ஒரு கார்ட்டூன் கடைக்காரர் ஏன் பேச்சை நிறுத்தினார்?

அமெரிக்க டிவியில் 27 வருடங்களுக்கு மேல் பேசிக்கொண்டிருந்த ‘அப்பு’ இப்போது வாயே திறப்பதில்லை. அவரைப் பேசாமல் ஆக்கியது சரியா? நம்ம ஊர் சினிமாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1990 பிப்ரவரி. இந்தியாவில் ‘அக்னிபத்’ ரிலீஸ். அமிதாப் பச்சன்தான் ஹீரோ. ஆனால், அவருக்கு இணையாகக் கைதட்டல் வாங்கியவர் லுங்கி கட்டிய ஓர் இளநீர் வியாபாரி. பெயர், கிருஷ்ணன் ஐயர் எம்.ஏ. பம்பாயில் பிழைக்க வந்த தமிழர். நடித்தவரோ வங்காளியான மிதுன் சக்கரவர்த்தி. இழுத்து இழுத்து அவர் பேசிய ‘மதராஸி’ இந்திக்கே தியேட்டர் சிரித்தது. சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

அதே பிப்ரவரியில், அமெரிக்காவில் ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற புது கார்ட்டூன் தொடரில் ஒரு கடைக்காரர் முதன்முறையாகத் தலைகாட்டினார். பெயர் அப்பு. சத்யஜித் ராயின் படங்களில் வரும் அப்புவிடமிருந்து எடுத்த பெயர். பின்னால் ஒட்டவைத்த குடும்பப் பெயர் ‘நஹாசபீமபெட்டிலான்’. அப்படி ஒரு பெயர் இந்தியாவில் எந்த மூலையிலும் கிடையாது. குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா, நியூயார்க்கைச் சேர்ந்த வெள்ளையர். ‘தேங்க் யூ, கம் அகெய்ன்’ என்று அவர் ராகம் போட்டுச் சொன்னது அமெரிக்கா முழுக்க ஹிட்.

இரண்டு டீமும் ஒன்றையொன்று பார்த்துக் காப்பியடித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள். எம்.ஏ. படித்தவர் இளநீர் வெட்டுகிறார். கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டரேட் வாங்கியவர் (பின்னால் வந்த எபிசோடுகள் அப்படித்தான் சொல்கின்றன) பால் பாக்கெட் விற்கிறார். இரண்டு பேருக்கும் படிப்பு இருக்கிறது, ஆனால் அதுவும் ஜோக்தான். இரண்டு பேரின் பேச்சும் ஜோக். அந்த மொழிக்காரர் யாரும் இருவருக்குமே குரல் கொடுக்கவில்லை.

இதைத்தான் ‘ஸ்டீரியோடைப்’ என்கிறோம். அது எப்படி உருவாகிறது, யாரைப் பாதிக்கிறது, எப்படி மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள அப்புவின் கதையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

*‘ஸ்டீரியோடைப்’ – அச்சகத்தில் பிறந்த சொல்*

இந்தச் சொல் முதலில் அச்சகத்துக்காரர்களுடையது. ஈய எழுத்துகளைக் கோத்து ஒரு பக்கம் தயார் செய்வார்கள். அதை அப்படியே அச்செடுத்து ஒரே உலோகத் தகடாக வார்த்துவிட்டால், ஆயிரக்கணக்கான பிரதிகள் அடிக்கலாம். அந்தத் தகடுதான் ஸ்டீரியோடைப். வசதி என்ன? திரும்பத் திரும்பக் கோக்க வேண்டாம். சிக்கல் என்ன? தகட்டில் ஒரே ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

1922-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் இந்தச் சொல்லை மனித மனத்துக்குப் பொருத்தினார். உலகம் ரொம்பப் பெரிது, எல்லாவற்றையும் நேரில் பார்த்துப் புரிந்துகொள்ள நமக்கு நேரமில்லை. அதனால் தலைக்குள் ரெடிமேடாக இருக்கும் படங்களை வைத்து மனிதர்களை எடைபோடுகிறோம் என்பது அவர் வாதம்.

அப்படிப் பார்த்தால் இது எல்லோரும் செய்வதுதான். இதில் கேள்வி ஒன்றுதான். அந்தத் தகட்டை வார்ப்பது யார்? அதில் அச்சாவது யார் முகம்?

*முகத்துக்குக் கறுப்பு பூசிய வரலாறு*

அமெரிக்காவில் இந்தக் கதை சினிமாவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 19-ம் நூற்றாண்டில் ‘மின்ஸ்ட்ரல் ஷோ’ என்ற மேடை நிகழ்ச்சிகள் அங்கே சக்கைப்போடு போட்டன. வெள்ளை நடிகர்கள் எரித்த கார்க் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் அசடுகளாகவும் காட்டிச் சிரிக்கவைத்தார்கள்.

சினிமா வந்ததும் அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. 1927-ல் வந்த ‘தி ஜாஸ் சிங்கர்’, பேசும் பட யுகத்தைத் தொடங்கிவைத்த படம். அதன் ஹீரோ அல் ஜோல்சன், முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு பாடினார்.

கறுப்பினக் கலைஞர்களுக்கே வாய்ப்பு கிடைத்தபோதும் தகடு மாறவில்லை. ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் வீட்டு வேலைக்காரி ‘மாமி’யாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், 1940-ல் ஆஸ்கர் வென்றார். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். ஆனால், விருது விழாவில் அவருக்குச் சக நடிகர்களோடு இடமில்லை. தனி டேபிள். அதற்கு முன் அட்லாண்டாவில் நடந்த படத்தின் பிரீமியருக்கும் அவரால் போக முடியவில்லை.

ஆசியர்களுக்கும் இதே கதைதான். 1937-ல் சீன விவசாயிகளைப் பற்றிய ‘தி குட் எர்த்’ படம் வந்தது. அன்றைக்கு ஹாலிவுட்டில் புகழ்பெற்ற சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங் இருந்தார். அவருக்கு நாயகி வேடம் கிடைக்கவில்லை. நாயகன் வெள்ளை நடிகர் என்று முடிவான பிறகு, வெவ்வேறு இனத்தவர் ஜோடியாக நடிப்பதை அன்றைய தணிக்கை விதி அனுமதிக்கவில்லை. நாயகியும் வெள்ளையரானார். அந்த வேடத்துக்கு லூயிஸ் ரைனருக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

நம் கதைக்கு முக்கியமான வருடம் 1968. அந்த வருடம் ‘தி பார்ட்டி’ படத்தில் பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் செல்லர்ஸ், முகத்துக்குப் பழுப்பு நிறம் பூசிக்கொண்டு ஹருண்டி வி. பக்ஷி என்ற இந்திய நடிகராக வந்தார். போகும் இடமெல்லாம் எதையாவது தட்டிவிடும் ஒரு வெகுளி.

அப்புவின் குரலுக்குத் தான் எடுத்துக்கொண்ட மாதிரிகளில் ஒன்று செல்லர்ஸின் இந்தப் பாத்திரம் என்று ஹேங்க் அசாரியாவே சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். இந்தியர் போலப் பேசிக்காட்டிய ஒரு வெள்ளையர், அவரைப் போலப் பேசிக்காட்டிய இன்னொரு வெள்ளையர். தகட்டிலிருந்து வார்த்த இன்னொரு தகடு!

*ஆனா, அப்பு நல்லவர்தானே?*

நியாயமான கேள்வி. ‘சிம்ப்சன்ஸ்’ ரசிகர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது.

அப்பு வில்லன் இல்லை. கடுமையான உழைப்பாளி. சுத்த சைவம். லிசா சைவத்துக்கு மாறும் எபிசோடில், அடுத்தவர் மேல் எதையும் திணிக்காமல் இருப்பது எப்படி என்று அவளுக்குப் பக்குவமாகச் சொல்லித் தருபவர் அவர்தான். 1996-ல் வந்த இன்னொரு எபிசோடில், வரி உயர்வால் கோபப்பட்ட மக்களை திசைதிருப்ப ஊர் மேயர் குடியேறிகள் மேல் பழியைப் போடுகிறார். 1994-ல் கலிஃபோர்னியாவில் குடியேறிகளுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட ‘புரபோஸிஷன் 187’-ஐ நேரடியாகக் கிண்டலடித்த கதை அது. குடியுரிமைத் தேர்வில் உள்நாட்டுப் போருக்கான காரணங்களை அப்பு விலாவாரியாக அடுக்கத் தொடங்க, தேர்வு நடத்துபவரே பொறுமையிழந்து ஒற்றை வார்த்தையில் பதில் கேட்பார். அங்கே சிரிக்கப்படுவது அப்பு அல்ல, அமெரிக்கா.

அப்படியானால் பிரச்சினை எங்கே?

எண்ணிக்கையில். 1990-ல் எடுத்த அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினர் சுமார் 8.15 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையோ கிட்டத்தட்ட 25 கோடி. அதாவது 300 பேருக்கு ஒருவர். பெரும்பாலான அமெரிக்கர்களுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் இந்தியர் கிடையாது. ஆபீஸில் கிடையாது. ஆனால், வாராவாரம் வரவேற்பறையில் அப்பு இருந்தார்.

ஹோமர் சிம்ப்சன் முட்டாள், சோம்பேறி, குடிகாரர். அதைப் பார்த்து ‘வெள்ளைக்காரன் எல்லாமே இப்படித்தான்’ என்று யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் அடுத்த சேனலில் வெள்ளை டாக்டர், வெள்ளை போலீஸ், வெள்ளை காதலன், வெள்ளை ஜனாதிபதி என்று எல்லோரும் இருக்கிறார்கள். ஹோமர் தன்னை மட்டுமே பிரதிநிதித்துவப்படுத்துகிறார். அப்புவின் தலையிலோ ஒரு துணைக்கண்டமே ஏறி உட்கார்ந்தது.

ஸ்டீரியோடைப் என்றால் பொய் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் கடை நடத்தும் இந்தியர்கள் நிஜமாகவே நிறைய பேர். சிக்கல் என்னவென்றால், கடைக்காரரைத் தவிர வேறு யாரையுமே காட்டவில்லை.

*ஸ்கூலில் நடந்தது என்ன?*

டிவியில் 22 நிமிடம் ஓடிய ஜோக், அடுத்த நாள் காலை ஸ்கூல் பஸ்ஸில் ஏறியது. அமெரிக்காவில் பிறந்து, அமெரிக்க ஆங்கிலமே பேசி வளர்ந்த இந்தியப் பிள்ளைகளைப் பார்த்து சக மாணவர்கள் ‘தேங்க் யூ, கம் அகெய்ன்’ என்று கத்தினார்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் டாக்டராக இருந்தாலும் இன்ஜினீயராக இருந்தாலும் பெயர் ஒன்றுதான்: அப்பு.

நடிக்கப் போனவர்களுக்கு இது சாப்பாட்டுப் பிரச்சினை. ஹாலிவுட் நடிகர் கால் பென், தன் ஆரம்ப கால ஆடிஷன் ஸ்கிரிப்ட்களை 2017-ல் ட்விட்டரில் பகிர்ந்தார். காந்தி மாதிரி இருப்பவர், பாம்பாட்டி என்று அவருக்கு வந்த வேடங்களின் வரிசை நீண்டது. உச்சரிப்பைக் கொஞ்சம் ‘இந்தியத்தனமாக’ மாற்றச் சொல்லும் கோரிக்கை எப்போதும் கூடவே வந்தது. அவர் பிறந்து வளர்ந்தது நியூஜெர்சியில்!

2017 நவம்பரில் நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு, ‘தி ப்ராப்ளம் வித் அப்பு’ என்ற ஆவணப்படத்தைக் கொண்டுவந்தார். நியூயார்க்கில் வளர்ந்த தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. ‘சிம்ப்சன்ஸ்’ பார்த்துத்தான் காமெடி கற்றேன் என்று சொல்லும் தீவிர ரசிகரும்கூட. கால் பென், அஜீஸ் அன்சாரி, ஹசன் மின்ஹாஜ், ஆசிஃப் மாண்ட்வி என்று பல கலைஞர்கள் அதில் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். மின்ஸ்ட்ரல் காலத்துப் பொம்மைகளைச் சேகரித்துவைத்திருக்கும் நடிகை வூப்பி கோல்ட்பெர்க், அந்தப் பொம்மைகளின் பக்கத்தில் அப்புவையும் வைத்துப் பேசினார். ஹேங்க் அசாரியாவை மட்டும் பேட்டிக்குப் பிடிக்க முடியவில்லை.

*கோபம், கிண்டல், மன்னிப்பு*

தொடரின் முதல் பதில் கிண்டலாக வந்தது. 2018 ஏப்ரலில் வந்த ஓர் எபிசோடில், அம்மா திருத்திப் படித்துக் காட்டும் பழைய கதைப்புத்தகத்தைக் கேட்டு அலுத்துப்போகும் லிசா, நம் பக்கம் திரும்பி அலுத்துக்கொள்கிறாள். முன்பு எல்லோரும் ரசித்தது இன்றைக்குத் தப்பாகிவிட்டது, அதற்கு என்ன செய்ய முடியும் என்கிற தொனி. பக்கத்தில் அப்புவின் புகைப்படம். விமர்சனம் வைத்தவர்களுக்கு இது எரிகிற நெருப்பில் எண்ணெய். தொடரிலேயே நியாயத்துக்காகக் குரல் கொடுக்கும் பாத்திரம் லிசா. அவள் வாயில் போய் இதை வைத்தார்களே என்பதுதான் பலரின் வருத்தம்.

மாறியவர் அசாரியாதான். அதே மாதம் ஒரு டிவி பேட்டியில், இந்தப் பாத்திரத்திலிருந்து விலகத் தயார் என்றார். எழுத்தாளர் குழுவில் தெற்காசியர்கள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். 2020 ஜனவரியில் நிஜமாகவே விலகினார். அந்த ஜூனில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலையை எதிர்த்து அமெரிக்கா கொந்தளித்த நாட்களில், வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளையர் குரல் கொடுக்க மாட்டார்கள் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள்.

2021-ல் ஒரு பாட்காஸ்டில் அசாரியா வெளிப்படையாக மன்னிப்பு கேட்டார். அங்கே அவர் சொன்ன ஒரு சம்பவம்தான் இந்த மொத்த விவகாரத்தின் சாரம். தன் மகன் படிக்கும் பள்ளியில் இந்திய மாணவர்களிடம் பேசியிருக்கிறார். அவர்களில் 17 வயது மாணவர் ஒருவர் ‘சிம்ப்சன்ஸ்’ தொடரைப் பார்த்ததே இல்லை. ஆனால், ‘அப்பு’ என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிட்டத்தட்ட ஒரு வசவுச் சொல்லாக!

படம் பார்க்காதவரையும் வந்து தொடும். ஸ்டீரியோடைப்பின் பலம் அது.

*மௌனம் தீர்வா?*

இப்போது கதையின் சிக்கலான கட்டம். அசாரியா விலகிய பிறகு அப்புவுக்கு என்ன ஆனது? வேறு இந்தியக் குரல் வந்ததா? இல்லை. கூட்டத்தில் ஓர் ஆளாக, பின்னணியில் ஒரு முகமாக மட்டும் வந்துபோகிறார். பேசுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஹரி கொண்டபோலு இதைக் கேட்கவே இல்லை. அப்புவைத் தூக்கிவிடுவார்கள் என்று 2018-ல் செய்தி கிளம்பியபோதே அவர் வருத்தப்பட்டார். அப்புவை வைத்துக்கொண்டே நல்ல கதை சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது என்பதுதான் அவர் நிலைப்பாடு.

வழி இருந்தது என்பதற்கு அந்தத் தொடரே சாட்சி. 2016-ல் ஓர் எபிசோடில் அப்புவின் சகோதரர் மகன் ஜே வருகிறான். அமெரிக்காவில் வளர்ந்த இளைஞன். குரல் கொடுத்தவர் இந்திய அமெரிக்கரான உட்கர்ஷ் அம்புட்கர். அப்புவின் பேச்சையும் நடையையும் பார்த்து, ‘நீங்களே ஒரு ஸ்டீரியோடைப்’ என்கிற ரீதியில் வாரிவிடுவான். அந்த நூலைப் பிடித்து மேலே போயிருக்கலாம். போகவில்லை.

கிருஷ்ணன் ஐயருக்கும் இதேதான் நடந்தது. 2012-ல் ஹ்ரித்திக் ரோஷனை வைத்து ‘அக்னிபத்’ ரீமேக் ஆனபோது அந்தப் பாத்திரத்தையே எடுத்துவிட்டார்கள். கேலி போயிற்று, சரி. கூடவே அந்தத் தமிழரும் போய்விட்டாரே! பம்பாயை நிஜத்தில் கட்டி எழுப்பியவர்களில் தமிழர்களும் உண்டு. தாராவிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

தகடு தேய்ந்துவிட்டால் தூக்கிப்போடுவது பாதி வேலைதான். புதிதாக எழுத்துக் கோக்க வேண்டும்.

*புதுசா கோத்தவர்கள்*

கோத்தவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அஜீஸ் அன்சாரியின் பெற்றோர் தமிழ்நாட்டைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்தினர். 2015-ல் வெளியான அவருடைய ‘மாஸ்டர் ஆஃப் நன்’ தொடரில் ‘இண்டியன்ஸ் ஆன் டிவி’ என்றே ஓர் எபிசோடு உண்டு. சிறு வயதில் ‘ஷார்ட் சர்க்யூட் 2’ பார்த்து, ‘ஆகா, ஹாலிவுட் படத்தில் ஓர் இந்திய விஞ்ஞானி’ என்று பூரித்தவருக்கு, அந்த நடிகர் முகத்துக்கு நிறம் பூசிய வெள்ளையர் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஏமாற்றத்தைத்தான் எபிசோடாக்கினார். தொடரில் அவருக்கு அப்பா அம்மாவாக நடித்தவர்கள் அவருடைய நிஜ அப்பா அம்மா.

மிண்டி கேலிங்கின் முழுப் பெயரில் சொக்கலிங்கம் இருக்கிறது. அப்பா தமிழர், அம்மா வங்காளி. அவர் இணைந்து உருவாக்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ 2020-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. தமிழ் அமெரிக்கப் பெண்ணான தேவி விஸ்வகுமார்தான் நாயகி. 15,000 விண்ணப்பங்களிலிருந்து அதற்குத் தேர்வானவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண். தேவி கோபக்காரி, பொய் சொல்வாள், காதலிப்பாள், சொதப்புவாள், அப்பாவை இழந்த துக்கத்தில் உடைந்துபோவாள். ‘சமத்துப் பொண்ணு’ கிடையாது.

இந்தத் தொடரும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. அம்மா நளினியின் உச்சரிப்பு, முஸ்லிமைத் திருமணம் செய்த பெண்ணைச் சமூகம் ஒதுக்குவதைக் கதை கையாண்ட விதம் இரண்டையும் தெற்காசியர்களே கேள்வி கேட்டார்கள். நல்லதுதான். இன்னும் பத்துத் தொடர்கள் இருந்தால், ஒரு தேவி எல்லோரையும் சுமக்க வேண்டியிருக்காது.

*சரி, நம்ம ஸ்கிரீன்ல?*

அமெரிக்காவில் இதை இனம் என்ற கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள். இந்தியாவுக்குள் மொழி, மாநிலம், நிறம், சாதி எல்லாம் கலந்துகிடக்கின்றன. ஆனால், தகடு வார்க்கும் முறை ஒன்றேதான்.

‘தி பார்ட்டி’ வந்த அதே 1968-ல் இந்தியில் ‘படோசன்’ வந்தது. அதில் குடுமியும் ‘ஐயோ’வுமாக வரும் மதராஸி பாட்டு வாத்தியார், மெஹ்மூத். அந்த வரிசை 2011-ல் ‘ரா.ஒன்’ வரை நீண்டது. ஷாருக்கானின் சேகர் சுப்பிரமணியம், நூடுல்ஸில் தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். எந்தத் தமிழ் வீட்டில் என்று கேட்காதீர்கள்.

2021-ல் ‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாவது சீசன். சென்னை அதிகாரிகள் தமிழே பேசினார்கள், தேவதர்ஷினி போன்ற தமிழ் நடிகர்களே நடித்தார்கள். முன்னேற்றம்தான். ஆனால், ஈழப் பெண் போராளி ராஜியாக நடிக்க, சென்னையில் வளர்ந்த சமந்தாவின் தோலைக் கறுப்பாக்கினார்கள். கதையில் ஈழத் தமிழர்களைக் காட்டிய விதத்துக்கு எதிராக, தொடரைத் தடை செய்யக் கோரி தமிழ்நாடு அரசே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது.

இதுவரை நாம் பாதிக்கப்பட்டவர்கள். இனிதான் சங்கடமான பகுதி.

‘சிவாஜி’ படம் ஞாபகம் இருக்கிறதா? 2007-ல் வந்தது. பக்கத்து வீட்டு அப்பா தன் இரண்டு மகள்களை ரஜினிக்கு அறிமுகப்படுத்துவார். கறுப்பாக இருக்கிறார்கள் என்பதுதான் அங்கே மொத்த காமெடியும். அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. வள்ளல் பாரியின் மகள்கள் பெயர். பாரி இறந்த பிறகு அந்தப் பெண்களுக்கு வரன் தேடி மன்னர் மன்னராகப் போய் நின்றவர் கபிலர். இரண்டாயிரம் வருடத்துப் பெயரை, கறுப்பாக இருப்பதே குறை என்ற ஜோக்குக்குப் பயன்படுத்தினோம், தமிழர்களாகிய நாமே!

அடுத்தவர்களை நாம் எப்படிக் காட்டுகிறோம்? வட்டிக்கடை சேட்டு. சலாம் போடும் கூர்க்கா. டீக்கடை சேட்டன். பான் பராக் மென்று துப்பும் ‘வடக்கன்’. 2013-ல் ‘சிங்கம் 2’-ல் போதைக் கடத்தல் வில்லன் டேனி ஓர் ஆப்பிரிக்கர். நடித்த டேனி சபானி, லண்டன் நாடக மேடைகளில் அறியப்பட்ட நடிகர். ஐந்து வருடம் கழித்து ‘பிளாக் பாந்தர்’ படத்தில் வகாண்டாவின் மூத்தோர் சபையில் உட்கார்ந்திருந்தவரும் அவரே. ஆள் அதே ஆள்தான். எழுதியவர் கை மாறியது.

நம்ம சென்னையில், கோவையில், பெங்களூரில் படிக்கவோ வேலைக்கோ வரும் ஓர் ஆப்பிரிக்க இளைஞர் வாடகைக்கு வீடு கேட்டு நிற்கும்போது, வீட்டு ஓனர் தலைக்குள் முதலில் ஓடும் படம் எது? அதை யார் எடுத்தது?

வேறு மாதிரியும் எடுக்க முடியும். 2018-ல் மலையாளத்தில் ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ வந்தது. மலப்புரத்துக்குக் கால்பந்து ஆட வந்து, அடிபட்டு, ஒரு சாதாரண வீட்டில் தங்கும் நைஜீரிய வீரரின் கதை. அவரை ‘சுடானி’ என்றே ஊர் கூப்பிடும், எந்த நாடு என்றுகூடத் தெரியாமல். அந்த அறியாமைதான் படத்தின் கருவே. நடித்தவர் நைஜீரியர் சாமுவேல் அபியோலா ராபின்சன். ரிலீஸுக்குப் பிறகு தன் சம்பளம் பற்றி அவர் பொதுவெளியில் கேள்வி எழுப்பினார். பின்னர் அது பேசித் தீர்க்கப்பட்டது. திரையில் தரும் மரியாதை சம்பளப் பட்டியலிலும் இருக்க வேண்டும் என்பதை அந்த விவகாரம் நினைவூட்டியது.

*‘காமெடியை காமெடியா பாருங்க ப்ரோ!’*

கமென்ட் பாக்ஸில் கட்டாயம் வரும் வரி இது. எல்லாத்துக்கும் கோபப்பட்டால் சிரிக்கவே முடியாதே?

சிரிக்கலாம். பிரிட்டனில் 1998-ல் பிபிசியில் வந்த ‘குட்னெஸ் கிரேஷியஸ் மீ’ பாருங்கள். பீட்டர் செல்லர்ஸ் இந்திய டாக்டராக நடித்த 1960-ம் வருடப் படத்தோடு வந்த பாட்டின் பெயரையே தலைப்பாக எடுத்துக்கொண்டார்கள் மீரா சையல், சஞ்சீவ் பாஸ்கர் உள்ளிட்ட தெற்காசியக் கலைஞர்கள். அதில் புகழ்பெற்ற ஒரு காட்சி: இந்தியக் கும்பல் ஒன்று ராத்திரி ‘இங்கிலீஷ் சாப்பாடு’ சாப்பிடப் போகிறது. வெள்ளைக்கார வெயிட்டரின் பெயரைக் கடித்துத் துப்புகிறார்கள். இருப்பதிலேயே உப்புச்சப்பில்லாதது எது என்று கேட்டு ஆர்டர் செய்கிறார்கள். இந்தியன் ரெஸ்டாரன்ட்டில் வெள்ளையர்கள் செய்வதை அப்படியே திருப்பிப் போட்டார்கள். வெள்ளையர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆக, அடுத்தவர் உச்சரிப்பை வைத்து ஜோக் அடிப்பதே பாவம் என்று யாரும் சொல்லவில்லை. ஜோக் யார் பக்கமிருந்து வருகிறது, யார் மேல் விழுகிறது என்பதுதான் கணக்கு.

*அடுத்த முறை ‘ப்ளே’ பண்ணும்போது…*

இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. அந்தச் சமூகத்திலிருந்து படத்தில் எத்தனை பேர் வருகிறார்கள்? ஒரே ஆளா? அப்படியானால் அவர்மேல் அதிக பாரம்.

2. அவருக்குச் சொந்தமாக ஓர் ஆசை, ஒரு பயம், ஒரு வீடு உண்டா? அல்லது ஹீரோ வரும்போது மட்டும்தான் இருக்கிறாரா?

3. பேச்சு, நிறம், சாப்பாடு இவற்றை எடுத்துவிட்டால் அந்த ஜோக்கில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

4. நடித்தவர், எழுதியவர் யார்? நிறம் பூசினார்களா?

5. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் காட்சிக்கு உங்களால் சத்தமாகச் சிரிக்க முடியுமா?

ஐந்தாவது கேள்விக்கு ‘முடியும்’ என்று பதில் வந்தால், தாராளமாகச் சிரியுங்கள். தயங்கினால் அந்தத் தயக்கத்தை விடாதீர்கள், அடுத்த மீமை ஃபார்வர்ட் செய்யும் முன் அது உதவும்.

அப்பு இன்னமும் ஸ்ப்ரிங்ஃபீல்டில்தான் இருக்கிறார். அமெரிக்காவில் இன்றைக்கு 40 லட்சத்துக்கும் அதிகமான இந்திய வம்சாவளியினர் வாழ்கிறார்கள். அவருக்குக் குரல் கொடுக்க ஆளா இல்லை? கொடுக்கலாம், எழுதலாம், அவரைப் புது மனிதராக்கலாம். அது நடக்கும்வரை, முப்பது வருடம் தப்பாகப் பேசவைத்ததற்குப் பரிகாரமாக அவரைப் பேசவே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.